மும்பையில் தூண்டில் போட எங்கே போகலாம்? ஞாயிற்றுக்கிழமை, கூட ஒன்பது வயது மகள்

செம்பூர்_புதுசு:

எல்லோருக்கும் வணக்கம். சொந்த ஊர் தூத்துக்குடி, வேலை மாற்றலில் செம்பூர் வந்து ஐந்து மாதம் ஆகிறது. சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமை என்றால் அப்பாவோடு தூண்டில் போடப் போவேன். கம்பு, ரீல் என்று ஒன்றும் கிடையாது. காலி பாட்டிலில் சுற்றிய தங்கூசி (நைலான் நூல்), ஒரு ஈயக்குண்டு, இரண்டு முள், அவ்வளவுதான். கிழங்கான் வரும், ஊளி வரும், அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு பாறைக்குட்டி. அந்தப் பாட்டிலைத் துணிமணிக்கு நடுவில் வைத்து இங்கே கொண்டு வந்திருக்கிறேன், வீட்டம்மா இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

விஷயம் இதுதான். மழை முடிந்ததே என்று இரண்டு வாரம் முன்னால் ஒரு ஞாயிறு காலை ஆறரைக்கு, பக்கத்தில் இருக்கிறதே என்று மாகுல் படகுத்துறைக்கு மகளை அழைத்துப் போனேன். போய்ப் பார்த்தால் கடலைக் காணோம். நிஜமாகவே காணோம். கண்ணுக்கு எட்டிய வரை சாம்பல் நிறச் சேறு, அதில் சாய்ந்து படுத்திருக்கும் படகுகள், நடுவில் ஓடை மாதிரி கொஞ்சம் தண்ணீர். "அப்பா, கடல் லீவா?" என்று கேட்டாள். அன்று பகல் ஒரு வேலையாக அதே பக்கம் போனபோது படித்துறையில் தண்ணீர் அலம்பிக்கொண்டிருந்தது.

அதனால் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். குழந்தையோடு போகிற மாதிரி இடம் எது, எந்த நேரம், என்ன இரை, கிடைக்கிற மீனைச் சாப்பிடலாமா? தூண்டில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, கடற்கரையில் நாலு பேர் சேர்ந்து ஏதாவது செய்கிற இடம் இருந்தாலும் சொல்லுங்கள். மகளுக்கு இந்த ஊரில் இன்னும் சிநேகிதம் சரியாக அமையவில்லை.

ஆன்டாப்ஹில்காரன்:

அண்ணாச்சி, நமக்கும் பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம்தான், ஆனால் பிறந்து வளர்ந்தது எல்லாம் ஆன்டாப் ஹில். இருபது வருடமாக இங்கே தூண்டில் போடுகிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் தூத்துக்குடியை மறந்துவிடுங்கள். அங்கே கடல் ஒரு மீட்டர்கூட முழுசாக ஏறி இறங்காது, எப்போது போனாலும் தண்ணீர் ஏறக்குறைய அதே இடத்தில் இருக்கும். இங்கே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி 4 மீட்டர் வரைக்கும், சில நாள் அதற்கு மேலும் ஏறி இறங்கும். ஒரு மாடி வீட்டின் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் போன ஞாயிறு அமாவாசைக்கு மறுநாள், காலை ஆறரை என்பது வற்றத்தின் அடிமட்டம். கடல் லீவுதான், மகள் சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள்.

இதற்கு இங்கே கோலி ஆட்கள், அதாவது இந்த ஊர்ப் பூர்வீக மீனவர்கள், ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். திதியை முக்காலால் பெருக்கினால் ஏற்றம் உச்சிக்கு வரும் மணி. சதுர்த்தி என்றால் நான்கில் முக்கால் மூன்று, மூன்று மணிக்கு ஏற்றம். அஷ்டமி என்றால் ஆறு மணி. பகலுக்கும் அதே கணக்கு, இரவுக்கும் அதே கணக்கு. அங்கிருந்து ஆறு மணி நேரம் தள்ளினால் வற்றம். நம் வீட்டில் தொங்குகிற தினசரிக் காலண்டரில்தான் திதி போட்டிருக்கிறதே, ராகு காலத்துக்குப் பக்கத்திலேயே. பதினைந்து இருபது நிமிடம் முன்னே பின்னே இருக்கும், அதனால் போனிலும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஏற்றத்தை அவர்கள் பர்தி என்பார்கள், வற்றத்தை ஓஹோட்டி. இந்த இரண்டு சொல் தெரிந்தால் பாதி மராத்தி வந்த மாதிரி.

மீன் கடிப்பது தண்ணீர் ஏறும்போது, உச்சிக்கு முந்தின இரண்டு மணி நேரம். ஆனால் ஆளை மாட்டிவிடுவதும் அதே நேரம்தான். பாந்திரா பாண்ட்ஸ்டாண்ட் பாறையில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். பாறை நுனியில் உட்கார்ந்து முன்னால் மிதப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன், அலைகூடப் பெரிதாக இல்லை. பின்னால் யாரோ கத்துகிற சத்தம். திரும்பினால், நான் நடந்து வந்த பள்ளத்தில் இடுப்பளவு தண்ணீர். முன்னால் இருந்து வரவில்லை, இரண்டு பக்கமும் சுற்றிப் பின்னால் புகுந்து நிறைந்திருக்கிறது. கத்தியது சிப்பி கொத்த வந்த ஒரு கோலி மாவ்ஷி. பையைப் போட்டுவிட்டு வா என்று கையைக் காட்டிக்கொண்டே இருந்தார். பை போனது, ஒரு செருப்பு போனது, முட்டி கிழிந்தது. கரைக்கு வந்த பிறகு அந்த அம்மா திட்டிய திட்டு இருக்கிறதே, எங்கள் ஆச்சி திட்டிய மாதிரியே இருந்தது, ஒரு வார்த்தை புரியாவிட்டாலும்.

ஆக, மகளோடு பாறை கிடையாது. மெரின் டிரைவில் அந்த மூன்று கால் நான்கு கால் கான்கிரீட் கட்டைகள் மேல் ஏறி நின்று பையன்கள் தூண்டில் போடுவார்கள், அதுவும் கிடையாது. பாசியில் வழுக்கி இடுக்கில் விழுந்தால் தீயணைப்புப் படைதான் வர வேண்டும். அக்சா கடற்கரை பார்க்கச் சாதுவாக இருக்கும், வருடா வருடம் ஆள் மூழ்கிச் சாகிற இடம். துறைமுகம், கடற்படை வேலி பக்கம் தூண்டிலோடு சுற்றினால் கேள்வி கேட்பார்கள், மீனை விட அதுதான் பெரிதாகிவிடும்.

கழிமுக ஓரம் ஏதாவது ஒரு படகுத்துறைதான் சரி. வர்சோவா ஊருக்குள் அந்த மாதிரி இடம் உண்டு, மார்வேயிலும் உண்டு. அஷ்டமியை ஒட்டிய நாளாகப் பாருங்கள், அப்போது ஏற்றமும் கம்மி, இழுப்பும் கம்மி. மீனும் கம்மிதான், முதல் தடவைக்கு அது போதும். இரைக்குச் சின்ன இறால் ஒரு கூறு வாங்கிக்கொள்ளுங்கள், அங்கேயே விற்பார்கள். கிடைப்பது முக்கால்வாசி கெளுத்திதான், ஷிங்காளா என்பார்கள். முள்ளில் விஷம் உண்டு, உங்களுக்குத் தெரிந்திருக்கும். மடவை, கிழங்கான், எப்போதாவது ஒரு காலா, அதாவது இங்கே ராவஸ்.

சயான்_கோலிவாடா:

ஒரே வரியில் சொல்லட்டுமா? மீன் வேண்டுமென்றால் சந்தைக்குப் போங்கள். வொர்லியிலும் பாந்திராவிலும் 3 கிலோமீட்டருக்கு மேல் கடலுக்குள் குழாய் போட்டு ஊர்க் கழிவை விடுகிறார்கள், மித்தி ஆறு மாஹிமில் என்ன நிறத்தில் வந்து சேருகிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள். அந்தக் கரையோரத்தில் மேய்கிற கெளுத்தியைக் குழம்பு வைத்துக் குழந்தைக்குக் கொடுப்பீர்களா?

எங்கள் ஏரியா பெயரில் கோலிவாடா, அதாவது கோலிக் குடியிருப்பு, இருக்கிறது, பெயரை வைத்துக் கோலிவாடா இறால் வறுவல் ஊர் ஊராக விற்கிறது, ஆனால் அந்த வறுவலைக் கொண்டுவந்தவர்கள் பிரிவினைக்குப் பிறகு இங்கே குடியேறிய பஞ்சாபிகள். சம்பந்தமில்லைதான், சொல்ல வேண்டும் போல இருந்தது.

ஆன்டாப்ஹில்காரன்:

மித்தி பக்கம் பிடிக்கச் சொன்னது யார்? கழிமுக மீனை நானும் சாப்பிடுவதில்லை, விட்டுவிடுவேன், இல்லை கேட்கிறவர்களுக்குக் கொடுத்துவிடுவேன். சாப்பிட மீன் வேண்டுமென்றால் காலையில் சாசூன் டாக், ஊர் தூங்கும்போதே ஏலம் முடிந்துவிடும். 1875-இல் கட்டிய துறை, இன்றைக்கும் அதே இரைச்சல். தூண்டில் என்பது உட்காருவதற்கு, அண்ணே. சமைப்பதற்கு இல்லை.

வர்சோவா_சனிக்கிழமை:

நான் சென்னை, வர்சோவாவில் ஒன்பது வருடம். சனி ஞாயிறு கடற்கரை துப்புரவுக்குப் போகிற ஆள். 2015 அக்டோபரில் அஃப்ரோஸ் ஷா என்ற வழக்கறிஞரும் அவருடைய பக்கத்து வீட்டுப் பெரியவரும் இரண்டே பேராகத் தொடங்கியது, அடுத்த வருடமே ஐநா அவருக்கு விருது கொடுத்தது. நான் சேர்ந்தபோது மணலில் கை வைத்தால் மணல் வராது, பிளாஸ்டிக்தான் வரும், அடுக்கு அடுக்காகப் பாய் மாதிரி. 2018 மார்ச்சில் அதே மணலில் ஆலிவ் ரிட்லி ஆமைக் குஞ்சுகள் பொரித்துக் கடலுக்குப் போயின. சென்னையில் பெசன்ட் நகரில் ஆமை நடை போயிருக்கிறேன், அங்கே அது வருடாந்திரச் சமாச்சாரம். இங்கே அன்று பெரியவர்கள் அழுதார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மழைக்காலம் வந்தால் எல்லாம் திரும்ப வரும். போன வருடம் எடுத்த அதே குப்பையோ என்று தோன்றும். போட்டோ எடுக்க வருகிறவர்கள் இரண்டாவது வாரம் வர மாட்டார்கள். வருகிற குழந்தைகள் மட்டும் எப்படியோ நிலைத்துவிடுகிறார்கள், யார் அதிகம் செருப்பு பொறுக்குவது என்று போட்டி வைத்துக்கொண்டு. ஒற்றைச் செருப்புதான் கிடைக்கும், இவ்வளவு வருடத்தில் ஒரு ஜோடி பார்த்ததில்லை. உங்கள் மகளுக்குச் சிநேகிதம் வேண்டுமென்றால் இதுதான் இடம்.

தூண்டில்காரர்களிடம் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. அறுந்த தங்கூசியை அப்படியே விட்டுவிட்டுப் போவது. போன மாதம் ஒரு கடற்காகத்தின் காலில் சுற்றியிருந்ததைக் கத்தரிக்க நாங்கள் மூன்று பேர், ஒரு துண்டு, முக்கால் மணி நேரம். சுற்றி எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போனால் என்ன குறைந்துவிடும்?

இப்போது வந்தால் ஊருக்குள் போம்பில் காய்வதைப் பார்க்கலாம், நம் ஊர் வங்கராவாசி. மூங்கில் பந்தல் கட்டி, இரண்டு மீனை வாயோடு வாய் கோத்து, கயிற்றின் இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்றாகத் தொங்கவிட்டிருப்பார்கள். கிளிப் கிடையாது, முடிச்சு கிடையாது, மீனின் பல்லே மீனுக்குக் கிளிப். என் மகன் அதைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் எங்கள் துணிக்கொடியையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த மீனைப் பிடிப்பதும் ஏற்றவற்றத்தை நம்பித்தான். டோல் என்று ஒரு பை வலை, நீரோட்டத்துக்கு எதிராக வாயைத் திறந்து கட்டிவிட்டால் தண்ணீரே மீனைக் கொண்டு வந்து உள்ளே தள்ளிவிடும். துரத்திப் பிடிக்கிற வேலையே இல்லை.

ஜனவரி வாக்கில் கோலிகளின் மீன் உணவுத் திருவிழா வர்சோவாவில் நடக்கும், ஊர்ப் பெண்கள் வரிசையாக அடுப்பு வைத்துப் பொரிப்பார்கள், பாட்டு, ஆட்டம் எல்லாம் உண்டு. பசியோடு போங்கள்.

மாட்டுங்கா_மாமி:

எங்கள் வீட்டில் மீன் வாசனைகூடப் படக்கூடாது, இந்தத் திரியில் எனக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். பேரனால் வந்த வினை. மீன் பிடிக்க வேண்டும் என்று அடம் பிடித்தான், பிடிக்க வேண்டாம், பார்க்கலாம் என்று சமாதானம் பேசி அழைத்துப் போனேன்.

2017-இலிருந்து மரைன் லைஃப் ஆஃப் மும்பை என்று ஒரு குழு, வற்றம் இருக்கும் நேரமாகப் பார்த்து ஹாஜி அலி, கிர்காவ் சௌபாத்தி, ஜுஹு பக்கம் எல்லாம் கரையோரப் பாறைகளில் ஆட்களை அழைத்துப் போகிறார்கள். நாற்பது வருடமாக மகாலக்ஷ்மி கோவிலுக்குப் போகிறேன், அதன் பின்னால் பாறைக் குழியில் கடற்சாமந்தி பூத்திருக்கிறது என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. விரலை நீட்டினால் மூடிக்கொள்கிறது. கடல் அட்டை மாதிரி ஒன்று, பளபளவென்று நீலமும் மஞ்சளுமாக, கல்யாணப் புடவை தோற்றது போங்கள். சாக்குக்கணவாய், அதுதான் ஆக்டோபஸ், ஒன்று கல் மாதிரியே உட்கார்ந்திருந்து, அழைத்துப் போன குழுவில் ஒரு பெண் காட்டின பிறகுதான் கண் இருப்பதே தெரிந்தது. எதையும் கையில் எடுக்கக்கூடாது என்று கண்டிப்பு. கூம்பு மாதிரி அழகாக ஒரு சங்கு இருக்குமாம், அது கொட்டினால் உயிருக்கே ஆபத்தாம்.

உங்கள் மாகுல் பக்கத்துச் சேற்றைத் திட்டாதீர்கள் தம்பி. அந்தச் சேற்றுக்குத்தான் பூநாரை வருகிறது, இன்னும் கொஞ்ச நாளில் ரோஸ் கலராக நிற்கும். தானே கழிமுகம் 2015-இல் பூநாரை சரணாலயமாயிற்று, ஐரோலியில் வனத்துறையே படகில் அழைத்துப் போகிறது, படகும் ஏற்றத்தைப் பார்த்துத்தான் கிளம்பும். முன்பதிவு செய்துகொண்டு போங்கள்.

அப்புறம் ஒன்று. எங்கள் பக்கம் ஆவணி அவிட்டத்துக்குப் பூணூல் மாற்றுகிற அதே பௌர்ணமிதான் கோலிகளுக்கு நாரளி பௌர்ணமி, கடலுக்குத் தேங்காய் விடுகிற நாள். எங்கள் வீட்டுக்காரர் சங்கத்தில் காமோகார்ஷீத் ஜபித்துக்கொண்டிருக்கிற நேரத்தில் அங்கே படகுக்குப் பூ சுற்றிக்கொண்டிருப்பார்கள். இத்தனை வருடம் இது தெரியாமலே இருந்திருக்கிறேன். அடுத்த ஆவணிக்கு மகளை வொர்லிக்கு அழைத்துப் போய்க் காட்டுங்கள்.

ஆன்டாப்ஹில்காரன்:

மாமி சொன்னதோடு ஒன்று. மேற்குக் கரையில் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, நம் ஊர் மாதிரி ஏப்ரல் 15-இல் தொடங்குவது இல்லை. சட்டம் விசைப்படகுக்குத்தான், ஆனால் அந்த இரண்டு மாதமும் கரையில் தூண்டில் போடுகிறவனும் வீட்டில் இருப்பதுதான் நல்லது. அலை சுவரைத் தாண்டி ரோட்டில் விழும். சின்ன மீனை விட்டுவிடுங்கள், மகாராஷ்டிராவில் 2023-இல் 54 வகை மீனுக்கு இந்த அளவுக்குக் கீழே பிடிக்கக்கூடாது என்று விதி வந்திருக்கிறது. அதே வருடம்தான் வெள்ளை வாவலை மாநில மீனாக அறிவித்தார்கள். இங்கே பாப்லெட் என்கிற அந்த மீனுக்கு வந்த பதவி.

வொர்லி என்றதும் ஞாபகம் வருகிறது. அங்கே போனால் கடற்கரைச் சாலைப் பாலத்தைப் பாருங்கள். தூணுக்குத் தூண் 60 மீட்டர் என்று போட்டிருந்தார்கள். அலை அடிக்கும் நாளில் அந்த இடைவெளியில் படகை எப்படி நுழைப்பது என்று கோலிவாடா ஆட்கள் வேலையை மறித்து உட்கார்ந்தார்கள். கடைசியில் 120 மீட்டர் ஆக்கினார்கள். கேட்டது 200. அந்த ஊர்ப் பெரியவர் ஒருவரோடு டீ குடித்தால் இதை உங்களுக்குக் கையாலேயே அளந்து காட்டுவார், நமக்கும் தண்ணீர் பற்றி நாலு விஷயம் தெரியவரும். கேட்காமல் அவர்கள் துறையில் போய் உட்காராதீர்கள், அதுதான் நான் சொல்ல வந்தது. கேட்டால் யாரும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

செம்பூர்_புதுசு:

எல்லோருக்கும் நன்றி. நேற்று போய்வந்தோம், அதனால் விவரம்.

சஷ்டி. ஆறில் முக்கால் நாலரை என்று மகளே கணக்குப் போட்டாள். போனில் பார்த்தால் 4:50. இருபது நிமிடம் தப்பு, பாஸ் மார்க் என்றாள். காட்கோபர் வரை ஆட்டோ, அங்கிருந்து மெட்ரோ, வர்சோவாவில் இறங்கி மறுபடி ஆட்டோ. காலையிலேயே போய்த் துப்புரவில் இரண்டு மணி நேரம் நின்றோம். அக்கா சொன்னது சரி, ஜோடிச் செருப்பு கிடைக்கவில்லை. ஆனால் இரண்டு பெண் பிள்ளைகளோடு மூன்றாவது ஆளாகச் சேர்ந்துகொண்டாள், ஒருத்தி தமிழ், ஒருத்தி கோலி. எந்த மொழியில் பேசிக்கொண்டார்கள் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

மூன்று மணிக்குத் துறையில் வலை தைத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம், காகா, இங்கே உட்காரலாமா என்று என் ஓட்டை இந்தியில் கேட்டேன். என்னைப் பார்க்கவில்லை, பாட்டிலைப் பார்த்தார். வாங்கி முள்ளைத் தடவினார், முடிச்சை நகத்தால் கீறினார், என்னுடைய முடிச்சை அறுத்துப் போட்டுவிட்டு வேறு முடிச்சு போட்டுக் கொடுத்தார். அப்பா போட்டுப் பழக்கிய முடிச்சு அது. கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது, ஆனால் அவர் போட்டது வழுக்கவே இல்லை.

நாலு மணிக்கு மேல் இரண்டு கெளுத்தி. நான் பிடித்துக் கழற்றப் போனபோது அவர் கையைத் தட்டிவிட்டு, காலால் லேசாக மிதித்துக்கொண்டு, கட்டிங் பிளேயரால் மூன்று முள்ளையும் டக் டக் டக் என்று நறுக்கிவிட்டு அப்புறம்தான் தூண்டில் முள்ளைக் கழற்றினார். குத்தினால் தாங்குகிற சூட்டில் வெந்நீரில் கையை வை, அப்புறம் ஆஸ்பத்திரிக்கு ஓடு என்று அபிநயத்திலேயே சொன்னார். திருக்கைக்கும் அதே வைத்தியமாம். 2013-இல் கிர்காவில் பிள்ளையார் கரைக்கப் போனவர்களை வரிசையாகத் திருக்கை கொட்டியதாமே, அந்தக் கதையும் வந்தது. இரண்டு மீனையும் அவரே எடுத்துக்கொண்டார், சயான் கோலிவாடா அண்ணன் நிம்மதியாக இருக்கலாம். பதிலுக்குக் காய்ந்த போம்பில் ஒரு கட்டு கொடுத்தனுப்பினார். மெட்ரோவில் எங்களைச் சுற்றி நல்ல இடைவெளி கிடைத்தது.

அறுந்த தங்கூசி இரண்டு முழம், சுற்றிப் பையில் கொண்டு வந்துவிட்டேன்.

ஒரு சந்தேகம் மட்டும். இந்தப் போம்பிலைச் சுட்டுச் சாப்பிடுவதா, ஊறவைத்துக் குழம்பு வைப்பதா? வீட்டம்மா பால்கனியில் வைத்திருக்கிறாள், மேல்மாடிக்காரர் இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டார்.

ஆன்டாப்ஹில்காரன்:

தலையைக் கிள்ளிவிட்டு, துண்டாக்கி, வெந்நீரில் பத்து நிமிடம் போட்டு மணல் போக அலசுங்கள். கத்தரிக்காய், மாங்காய் போட்டு நம் ஊர்க் கருவாட்டுக் குழம்பு மாதிரியே வையுங்கள். சுடுவது என்றால் முதலில் மேல்மாடிக்காரரையும் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டுவிடுங்கள்.

மாட்டுங்கா_மாமி:

தம்பி, காலண்டர் பார்த்துவிட்டேன். வருகிற ஞாயிறு திரயோதசி, பதிமூன்றில் முக்கால் ஒன்பதே முக்கால், அப்படியானால் வற்றம் மாலை நாலு மணி சுமாருக்கு. பௌர்ணமி நெருங்குவதால் நன்றாகவே வற்றும். பேரனை அழைத்துக்கொண்டு மூன்று மணிக்கு ஹாஜி அலி பக்கம் வருகிறேன், மகளையும் அந்த இரண்டு பெண்களையும் அழைத்து வாருங்கள். வழுக்காத செருப்பு போட்டு வரச் சொல்லுங்கள். முறுக்கு நான் கொண்டு வருகிறேன், நீங்கள் அந்தக் கருவாட்டை மட்டும் கொண்டு வந்துவிடாதீர்கள்.